ஜடாயு ஒதுங்கிப் போகவில்லை!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம் வழியே கோயிலுக்குப் போகிறீர்கள். யாரோ அடிபட்டுக் கிடக்கிறார், சுற்றிலும் கூட்டம். 'இத்தனை பேரில் யாராவது 108-க்குச் சொல்லியிருப்பார்கள்' என்று நினைத்து நகர்கிறோம். எல்லோரும் அப்படியே நினைத்தால்..?

'போலீஸ், கேஸ் என்று அலையணுமே' என்ற பயமா? பெயரைச் சொல்லும்படி உதவுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற மத்திய அரசின் நெறிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் இந்தப் பாதுகாப்பு இடம்பெற்றது.

பயத்தைச் சட்டம் போக்கிவிட்டது. தயக்கத்தை?

சீதாதேவியின் அலறல் கேட்டதும், ராவணனை வெல்ல முடியுமா என்று முதியவரான ஜடாயு கணக்குப் பார்க்கவில்லை. அவரால் தேவியைக் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனாலும், மகனின் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்தார் ராமபிரான். பகவான் பார்த்தது வெற்றியை அல்ல, ஓடிவந்த மனசை!

நாம் செய்ய வேண்டியதோ, ஒரு போன் மட்டும்தான்.