மழை நிறுத்திய பயணம்



கி.பி. 60-ஆம் ஆண்டளவில் அர்ச். சின்னப்பர் கைதியாக உரோமாபுரிக்குக் கப்பலேறினார். புயலில் கப்பல் உடைந்தது. 276 பேரும் உயிர்தப்பி மால்டா தீவில் ஒதுங்கினார்கள். மழையும் குளிருமாயிருந்தபடியால் தீவார் நெருப்பு மூட்டி அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாதம் பயணம் நின்றது. ஆனால் அத்தீவின் நோயாளிகள் சுகமடைந்தார்கள். வழி தடைப்பட்ட இடத்திலேயே சர்வேசுரன் வேலை வைத்திருந்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் லைட்ஹவுஸ் குப்பத்திலும் படகுகள் கரையேறி நிற்கும். வேளாங்கண்ணிக்குக் கட்டிய மூட்டையும் அவிழும். அன்று முணுமுணுத்தே பொழுதைக் கழிக்கலாமா? பழவேற்காடு ஏரி பார்க்க வந்து நனைந்து நிற்கும் அந்நியருக்குக் கதவைத் திறவுங்கள்; அடுப்பருகே இடங்கொடுங்கள். வீட்டு நோயாளியின் பக்கத்தில் சற்று உட்காருங்கள். பயணம் தவறினாலும் பிறர்சிநேகம் தவறவேண்டாம். ஆமென்.