பிரயாணியின் அறை: எந்தச் சௌகரியம் முதலில்?

பிரயாணம் மனிதனிடமிருந்து மூன்றைப் பறித்துக் கொள்கிறது: உறக்கம், உணவு, பானம். பிரயாணத்தை வேதனையின் ஒரு பகுதியாகக் கூறும் நபிமொழியின் கருத்து இது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றது. அதன் பிற்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. போன காரியம் முடிந்ததும் தாமதியாமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் பணிக்கிறார்கள்.

லாட்ஜில் அறை எடுக்கையில் எந்த வசதியை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறில்லை. பிரயாணம் பறித்ததை எது திருப்பித் தருகிறதோ அது அவசியம். காரியத்தை முடித்து வீடு திரும்ப எது துணை செய்கிறதோ அதுவும் அவசியம். மற்றவை விருப்பம். விருப்பம் ஹராம் என்று நான் கூறவில்லை. வரிசையில் அது பின்னால் நிற்கட்டும் என்கிறேன்.

“இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு கட்டுரையா?” என்று அன்பர்கள் கேட்கலாம். திருச்சி புத்தூரில் ஒரு மாலைப் பொழுது நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு துணைக்கு வருபவர்களும் உண்டு. பிஷப் ஹீபர் கல்லூரியும் புத்தூரில்தான். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்த தகப்பனாரும், மனைவியை ஆபரேஷனுக்குக் கொண்டு வந்த கணவரும் ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் தங்குகிறார்கள். இருவருக்கும் கட்டில் ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான். ஆனால், இருவருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்க முடியுமா?

வயது முதிர்ந்த தாயாரை ஒரு மகன் டாக்டரிடம் காட்ட அழைத்து வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் நல்ல பிள்ளை. பணத்தைப் பார்க்காமல் மூன்றாம் மாடியில் ஏ.ஸி. அறை எடுக்கிறார், பெரிய டி.வி., மெத்தென்ற கட்டில். ஆனால், லிப்ட் இல்லை. குளியலறையில் குந்தி உட்காரும் கழிப்பிடம். தாயாருக்கோ முழங்கால் மடங்காது. வாசலில் ஒரு படி. இரவில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த அம்மையார் மகனிடம் குறை சொல்ல மாட்டார். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று அஞ்சி, தாகத்தோடு படுத்துக் கொள்வார். நபிமொழி கூறிய மூன்றில் உறக்கமும் பானமும் அங்கேயே பறிபோய்விட்டன, அதிக வாடகை கொடுத்த அறையிலேயே! கீழ்த்தளத்தில், உட்கார்ந்து எழ வசதியான கழிப்பிடமும் ஒரு பக்கெட் வெந்நீரும் உள்ள சாதாரண அறை அவருக்கு அரண்மனையாக இருந்திருக்கும். பிறருக்காகத் தேர்ந்தெடுக்கும்போது நம்முடைய ஆசையையே அவர்களுடைய தேவை என்று எண்ணி விடுகிறோம். இந்தத் தவறு அன்பிலிருந்து பிறப்பதால்தான் யாரும் அதைத் தவறென்று சுட்டிக்காட்டுவதில்லை.

ஏ.ஸி.யை ஆடம்பரம் என்று ஒரேயடியாக ஒதுக்குவோரும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இருதய நோயாளி ஒருவர் அந்த இரவில் உறங்குவதற்கு ஏ.ஸி. மருந்துக்குச் சமம். அதே அறையில், அதே மனிதருக்கு, மார்கழி மாதத்தில் அது வீண் செலவு. பொருளின் மேல் ஹுக்மு எழுதி ஒட்டிவிட முடியாது. ஆளையும் காலத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஷரீஅத்தும் பிரயாணியிடம் அவன் எப்படிப்பட்ட கட்டிலில் படுத்தான் என்று கேட்பதில்லை. எத்தனை நாள் தங்க நிய்யத்து வைத்தாய் என்றுதான் கேட்கிறது. ஒரே ஊரில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்க எண்ணினால் ஹனபி மத்ஹபில் கஸ்ரு இல்லை. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாய் 4 நாள் தங்க எண்ணினாலே ஷாபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை போய்விடும். பங்களாவில் தங்கியவனுக்கும் திண்ணையில் படுத்தவனுக்கும் சட்டம் ஒன்றே. ஊரில் செல்வந்தனாக இருந்தாலும் வழியில் கையிருப்பின்றித் தவித்தால் அவனுக்கும் ஜகாத்தில் பங்குண்டு என்பதும் இதே கண்ணோட்டம்தான்.

தொழுகையாளி கேட்க வேண்டியவை அதிகமில்லை. குழாயில் தண்ணீர் எந்நேரமும் வருகிறதா? ஸுப்ஹு நேரத்திலும் வருமா? விரிப்பும் தரையும் சுத்தமாக இருக்கின்றனவா? முஸல்லா விரிக்கக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இடமிருக்கிறதா? வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஹோட்டல் அறைக் கூரையிலேயே கிப்லாவுக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடையாது. திருச்சியில் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 21 பாகை சாய்ந்தது. பெண்கள் தனியே தங்கினால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உள்தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். அச்சத்தோடு படுப்பது உறக்கமாகுமா?

இப்னு பதூதா டில்லி சுல்தானிடம் காஜியாக இருந்தவர். அரண்மனை விருந்துகளைக் கண்டவர். 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பிரயாணம் செய்தபோது அவர் வியந்து எழுதி வைத்தது எதை? அரை மைலுக்கு ஒரு மரக்கூடம், உட்காரப் பலகை, பக்கத்தில் கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள். அந்தப் பழைய ஏற்பாட்டின் பெயர் திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்றும் ஒட்டிக் கொண்டிருக்கிறது!

பேருந்து நிலையம் என்றதும் இன்னொன்று. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுப்பது பலருடைய வழக்கம். 2025ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, வெளியூர்ப் பேருந்துகள் பல அங்கே வந்து நிற்கின்றன. புத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை உள்ளவர் அங்கே தங்கினால் காலையும் மாலையும் ஆட்டோவுக்கே பணம் போகும். காரியம் நடக்கும் இடத்துக்குப் பக்கமாக இருப்பது, மெத்தையைவிடப் பெரிய வசதி.

அறையே எடுக்காதவர்களும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். வார்டுக்கு வெளியே பாயை விரித்துப் பல இரவுகளைக் கழிப்பவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்: டி.வி. வேண்டும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மூடிய கதவுக்குள் ஒரு குளியல், மூன்று மணி நேரத் தூக்கம், கைப்பேசிக்குச் சார்ஜ், இவ்வளவுதான். பகலெல்லாம் நாம் வார்டில் நிற்கும்போது நம்முடைய அறை பூட்டிக் கிடக்கிறது. நம் ஊர்க்காரர், அறிந்தவர் அங்கே இருந்தால் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் ஆளுக்கு அவர்கள் கேட்பதைக் கொடுத்து, மதியத்தில் அவரை அங்கே படுக்கச் செய்யலாம். ஏ.ஸி. இல்லாத அறையில் மிச்சமாகும் தொகை பெரும்பாலும் அதற்குப் போதும்.