மலைக்கு நாம் யார்?

மலையும் அருவியும் மூடுபனியும் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டவை அல்ல. கண்ணுடையோர் அனைவருக்கும் அவை பொது என்றே நாம் கருதி வருகிறோம். ஆயினும், ஒரு மலையின் அழகைக் காணச் செல்பவன் அங்கே வாழும் மற்றொருவனின் வாசலைக் கடந்தே செல்கிறான். அந்த வாசலில் நிற்பவனுக்கு அவன் பட்டிருக்கும் கடன் என்ன?

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வாழ்வோர்க்குச் சித்திரை வெயிலின் கொடுமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகள் இரவிலும் அனல் உமிழும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல வசதியற்ற குடும்பங்கள் அந்நாள்களில் கள்ளக்குறிச்சி சென்று, கச்சிராயப்பாளையம் கடந்து, கல்வராயன் மலை ஏறுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை ஏறத்தாழ 2000 அடி முதல் 4000 அடி வரை உயர்ந்தது. கோமுகி ஆறு பிறப்பது இங்கேதான். வெள்ளிமலை என்னும் சிற்றூர், பெரியார் அருவி, மேகம் அருவி, சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள் என எளிமையான அழகு அதனுடையது. ஏற்காட்டைப் போலவே இதனையும் 'ஏழைகளின் ஊட்டி' என்று செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு.

இந்தப் பெயரைச் சற்றே உற்று நோக்குவோம். இதில் வரும் ஏழைகள் யார்? சமவெளியிலிருந்து ஏறிச் செல்லும் நாம்தான். மலையிலேயே பிறந்து மலையிலேயே மடியும் ஏழைக்கு அப்பெயரில் இடமில்லை.

அவர்களை மலையாளிப் பழங்குடியினர் என்கிறோம். மலையை ஆள்பவர் என்று பொருள் கொள்ளத் தோன்றும் பெயர்! காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. ஆனால் அந்த மலையை ஆண்டவர்கள் ஜாகீர்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1976இல்தான் அரசு இம்மலையைத் தன் நேரடி நிருவாகத்தில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் அருவிகள் இதே அழகோடுதான் வீழ்ந்தன. மூடுபனி இதே மென்மையோடுதான் தவழ்ந்தது. ஓரிடத்தின் அழகு, அங்கே நீதி வாழ்கிறது என்பதற்குச் சான்றாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சென்றிருந்தபோது, சாலையோரத்தில் தேன் விற்ற ஒரு மூதாட்டியிடம் இருபது ரூபாய் குறைத்துக் கேட்டேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். காசை முந்தானையில் முடிந்துகொண்டே, "நாங்க உங்க ஊருக்கு வந்தா, பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கோ விடை வரவில்லை. திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் ஒரு தண்ணீர்ப் புட்டியை, அச்சிட்ட விலைக்கு, ஒரு சொல்லும் பேசாமல் வாங்கினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி என்னை உறுத்தத் தொடங்கியது.

அவர்கள் நம் ஊருக்கு வராமல் இல்லை. 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவானது முதல் 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, அம்மக்களுக்கு மாவட்டத் தலைநகர் விழுப்புரமே. சாதிச் சான்றிதழுக்காகவும் நிலச் சிக்கலுக்காகவும் நோயாளியோடும் மலை இறங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். நாம் அவர்களிடம் போவது இளைப்பாற. அவர்கள் நம்மிடம் வருவது கைகட்டிக் காத்திருக்க. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசும் நாம், அவர்களுக்கு எத்தகைய விருந்து அளித்தோம்?

சுற்றுலா வளர்ந்தால் அவர்களும் வாழ்வார்களே என்பர். அதில் உண்மை உண்டு. விருந்தினருக்காக இடும் சாலையில்தான் பிள்ளை பெறப் போகும் தாயின் வண்டியும் ஓடும். ஆனால் கூட்டம் தானாகவே நன்மை செய்வதில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் நெரிசல் தாங்காமல், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இன்றி வாகனங்கள் ஏறக்கூடாது என்று உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது.

அப்படியானால் மலையை இப்படியே விட்டுவிடலாம் என்போரும் உளர். இது அதனினும் நுட்பமான கொடுமை. நம் கண்ணுக்குக் குடிசை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவன் குடிசையிலேயே இருக்க வேண்டுமா?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரே, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. எத்தனை கோடைகளாக எத்தனை ஆயிரம் கண்கள் அம்மலையைப் பார்த்திருக்கும்! அவை காணத் தவறியதைச் சமவெளியின் சாவுகள் அல்லவா காட்ட வேண்டியிருந்தது?

ஆகவே, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதன்று அளவுகோல். "வாருங்கள்" என்று சொல்லவும், "இதற்கு மேல் வேண்டாம்" என்று மறுக்கவும் வீட்டுக்காரனுக்கு உரிமை இருக்கிறதா என்பதே அளவுகோல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் குரல் அளித்திருப்பதன் உட்பொருளும் இதுவே. மறுக்க இயலாதவனின் வீட்டில் நுழைபவன் விருந்தினன் ஆகான்.

அடுத்த கோடையில் நாம் மலையேறலாம், தவறில்லை. ஆனால் மலையிறங்கி வந்து நம் அலுவலக வாசலில் காத்து நிற்பவருக்கு ஓர் இருக்கையைக் காட்டிவிட்டுப் போவோம். அந்த மூதாட்டியின் கேள்விக்கு, அன்றுதான் நம் ஊரிலும் விடை இருக்கும்.