அனாமத்துக் கணக்கு

வங்கியில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாத தொகை வந்துவிட்டால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். முந்தைய தலைமுறைக் குமாஸ்தாக்கள் இதையே அனாமத்து என்பார்கள். பணம் வந்தது நிஜம். யாருடையது, எதற்காக என்பதுதான் தீர்மானமாகவில்லை. அனாமத்தில் கிடக்கும் பதிவு யாருக்கும் தொந்தரவு தராது. அதனாலேயே வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்துவிடும். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' நூலுக்கு 1992ல் அமெரிக்காவின் புலிட்ஸர் பரிசு கொடுக்கப்பட்ட விதம் எனக்கு இந்தக் கணக்கைத்தான் நினைவூட்டுகிறது. ஸ்பீகல்மனின் தந்தை விளாடெக், ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய போலந்து யூதர். மகன் அவரைப் பேசவைத்து, ஒலிநாடாவில் பதிவுசெய்து, அந்தப் பேச்சைச் சித்திரக்கதையாக வரைந்தார். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். முதல் பாகம் 1986லும் இரண்டாம் பாகம் 1991லும் வந்தன. புலிட்ஸர் குழு இதற்கு 'விசேஷப் பரிசு' ஒன்றைக் கொடுத்தது. நாவல், வாழ்க்கை வரலாறு, பொது உரைநடை என்ற தலைப்புகள் எதிலும் சேராத பரிசு. இத்தனைக்கும் அதே வருஷம் வாழ்க்கை வரலாற்றுக்கான பரிசு, வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் இழந்த லூயிஸ் புல்லர் தன் கதையைத் தானே எழுதிய நூலுக்குப் போயிற்று. ஒரு மனிதனின் துன்பத்தைச் சாட்சியாக நின்று சொல்லும் புத்தகத்துக்கு இடம் இருக்கவே இருந்தது. எலி முகம்தான் இடித்தது.

விசேஷம் என்பது உயர்வுதானே என்று வாதிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மற்ற புத்தகங்களோடு ஒரே தராசில் வைத்து இது கனமானது என்று சொல்வது விமர்சனம். தனித் தராசு ஒன்று செய்து, அதில் இந்த ஒன்றை மட்டும் வைத்து, கனம் என்று சொல்வது உபசாரம்.

பரிசுக்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1991 டிசம்பரில், இன்னொரு தகராறு நடந்தது. நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் இரண்டாம் பாகம் புனைவு என்ற தலைப்பில் வந்தது. ஸ்பீகல்மன் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். பத்திரிகை அதைப் புனைவல்லாத நூல்களின் பட்டியலுக்கு மாற்றிற்று.

இது வெறும் பெயர்ப்பலகை விவகாரம் என்றார் என் நண்பர் ஒருவர். புனைவு என்று ஒரு புத்தகத்தை வைத்துவிட்டால், அதில் நடந்தவற்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. ஆஷ்விட்ஸ் நடக்கவேயில்லை என்று சொல்கிறவர்கள் உள்ள உலகில் இது பெயர்ப்பலகையோடு நிற்கிற காரியமல்ல.

2

ஆனாலும் பட்டியல் தயாரித்தவரின் தயக்கத்தை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன். வரைந்த படம் சாட்சியமாகுமா? புகைப்படத்தில் காமிராவின் முன் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். பேனாவின் முன் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

'மௌஸ்' இரண்டாம் பாகத்தில் ஓரிடம். முகாமின் வாசலில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகையில் ஒரு வாத்தியக் குழு இசைக்கும் என்று மகன் எங்கோ படித்திருக்கிறார். அதைப் பற்றித் தந்தையிடம் கேட்கிறார். அப்படி எதுவும் தனக்கு நினைவில்லை, நடந்தது மட்டும்தான் தெரியும் என்கிறார் தந்தை. ஆவணங்கள் இருந்தது என்கின்றன. அங்கே நின்றவர் இல்லை என்கிறார். ஸ்பீகல்மன் என்ன செய்கிறார்? ஒரு கட்டத்தில் வாத்தியக் குழுவை வரைகிறார். அடுத்த கட்டத்தில் நடந்துபோகும் கைதிகளின் வரிசை அதை மறைத்துவிடுகிறது. தலைகளுக்கு மேல் வாத்தியங்களின் நுனி மட்டும் தெரிகிறது. சரித்திரத்தின் உண்மையும் ஞாபகத்தின் உண்மையும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. உரைநடைக்காரன் இதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பான்.

அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்' 2006ல் வந்தது. தன் தந்தையின் மறைத்துவைத்த வாழ்க்கையையும், தற்கொலை என்று அவர் நம்பும் மரணத்தையும் பற்றிய சித்திரச் சுயசரிதை. சிறுமியாக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பைப் பெக்டெல் அதில் காட்டுகிறார். ஒவ்வொரு வாக்கியத்தோடும் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்க்கிறாள் அந்தக் குழந்தை. பிறகு அது ஒரு சிறு குறியாகச் சுருங்கி வாக்கியங்களின் மேலேயே ஏறி உட்காருகிறது. தான் பார்த்ததும் உண்மைதானா என்று நடுங்கிய குழந்தையே பின்னாளில் சுயசரிதை எழுதத் தகுதி பெறுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. வரைந்த படம் இந்த நடுக்கத்தை ஒளிக்க முடியாது. ஒவ்வொரு கோடும் இது ஒரு கை போட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. புகைப்படம் தன் கையை மறைத்துக்கொள்ளும், சித்திரம் காட்டிக்கொடுத்துவிடும். சாட்சிக்கு இது பலவீனம் என்கிறார்கள். நான் இதை அதன் யோக்கியதை என்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் 2019ல் வெளியிட்ட 'வன்னி', இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தைச் சொல்வது. டிக்ஸ் ஐ.நா. ஊழியராக அங்கே இருந்தவர். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்கள் ஆதாரம். ஆனால் கதையில் வரும் குடும்பம் கற்பனைக் குடும்பம். இங்கே புனைவு என்ற தலைப்பு சரியானது. பேர் சொன்னால் ஆபத்து வரக்கூடிய மனிதர்களின் அனுபவத்துக்குக் கற்பனை முகம் ஒரு காப்பு. ஆக, தலைப்பைத் தீர்மானிப்பது படமா எழுத்தா என்பதல்ல. சொன்னதற்கு யார் பேரில் பொறுப்பேற்கிறார்கள் என்பதுதான்.

3

பொறுப்பு என்று வந்ததும் இன்னும் கடுமையான கேள்வி எழுகிறது. பரிசு யாருக்கு?

முதல் பாகத்தின் தொடக்கத்தில் விளாடெக் தன் இளமைக்காலக் காதலி ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு, இதை எழுதாதே, இதற்கும் ஹிட்லருக்கும் சம்பந்தமில்லை என்று கேட்டுக்கொள்கிறார். எழுதமாட்டேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறார். அந்தக் காதல் புத்தகத்தில் இருக்கிறது. கொடுத்த வாக்கும் புத்தகத்தில் இருக்கிறது. விளாடெக் 1982ல் இறந்தார். இரண்டு பாகங்களில் எதையும் அவர் நூலாகப் பார்க்கவில்லை. இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தின் வெற்றிக்குப் பிறகு மகன் எலி முகமூடியைக் கட்டிக்கொண்டு வரைபலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார். பலகையின் கீழே எலிகளின் பிணக் குவியல். பேட்டி எடுக்க வந்தவர்கள் அவற்றின் மேல் ஏறி நிற்கிறார்கள். பரிசு வருவதற்கு முன்பே பரிசைப் பற்றிச் சொல்லவேண்டியதை அவர் வரைந்துவிட்டார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அப்பா இறந்து மூன்று வருஷம் கழித்து அவருடைய கடன்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வட்டிக்காரர் வந்தால் அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வதையும், அப்பா ஊரில் இல்லை என்று சொல்ல என்னை வாசலுக்கு அனுப்புவதையும் எழுதியிருந்தேன். ஒரு சிறிய இலக்கிய அமைப்பு அதற்குப் பரிசு கொடுத்தது. ஐயாயிரம் ரூபாய், சால்வை, கேடயம். கட்டுரையின் அப்பட்டமான உண்மையை மேடையில் சிலாகித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேடயத்தை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"இதெல்லாம் எழுதலாமான்னு அப்பாவைக் கேட்டியா?"

"அவர் இருந்தாத்தானம்மா கேக்கறதுக்கு."

"இருந்திருந்தா கேட்டிருப்பியா?"

கட்டுரையில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அம்மாவும் பொய் என்று சொல்லவில்லை. பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் எழுதிய நான் என்னைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டிருந்தேன். வாசலில் நின்று பொய் சொன்னபோது எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்பா என் தயவில் இருக்கிறார் என்ற சந்தோஷம். கட்டுரையில் வரும் சிறுவன் பாவப்பட்டவன். அவனுக்குத்தான் சால்வை கிடைத்தது.

உரைநடையின் 'நான்' முகமில்லாத கண். அது எல்லோரையும் பார்க்கும். அதை யாரும் பார்க்க முடியாது. சித்திரச் சுயசரிதையில் இந்த வசதி இல்லை. 'நான்' என்பவனையும் வெளியிலிருந்து வரைந்தாக வேண்டும். தந்தையின் பக்கத்தில், அதே கட்டத்துக்குள், அதே உயரத்தில் அவன் நிற்கவேண்டும். ஸ்பீகல்மன் தந்தையின் கஞ்சத்தனத்தை வரைகிறார். அதைக் கண்டு எரிச்சல்படும் தன் சிறுமையையும் வரைகிறார். இறந்த தாயின் நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டார் என்று தெரிந்ததும், ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட அந்தக் கிழவரைக் கொலைகாரன் என்று மகன் சொல்லும் இடத்தில் முதல் பாகம் முடிகிறது. அந்த வார்த்தை யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று நாம் பார்த்துக்கொள்ளலாம். அனுமதி கேட்காத குற்றம் இதனால் இல்லாமல் போய்விடாது. ஆனால் குற்றவாளியும் படத்தில் இருக்கிறான்.

4

இப்போது விருதுகளுக்குத் திரும்பலாம். காமிக்ஸ் உலகத்துக்குள்ளேயே வழங்கப்படும் ஐஸ்னர் விருதுகள் 2006ல் உண்மையை ஆதாரமாகக் கொண்ட படைப்பு என்று ஒரு பிரிவை ஏற்படுத்தின. அடுத்த வருஷம் 'ஃபன் ஹோம்' அதைப் பெற்றது. 2021லிருந்து சித்திரச் சுயசரிதைக்கே தனிப் பரிசு. துறைக்குள் இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பகுத்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஒரு பிரிவு ஏற்பட்டதும் அதற்கென்று புத்தகங்கள் தயாராகும் அபாயமும் தொடங்குகிறது. ஒரு குடும்பம், ஒரு துயரம், கறுப்பு வெள்ளைக் கோடுகள். துன்பத்தைத் துன்பத்தோடு போட்டிபோட வைப்பது எந்த நடுவருக்கும் கௌரவமான காரியமில்லை.

வெளியுலகம் இடம் கொடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அடிவாங்கிய ஜான் லூயிஸின் 'மார்ச்' மூன்றாம் பாகத்துக்கு 2016ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. இளையோர் இலக்கியம் என்ற பிரிவில். படம் இருந்தால் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் விருது கொடுக்கும்போதும் விடுவதில்லை. சிறுவயதில் தான் கறுப்பர் என்பதால் பொது நூலகத்தில் அட்டை மறுக்கப்பட்டதை லூயிஸ் அந்த மேடையில் கண் கலங்க நினைவுகூர்ந்தார். எந்த அலமாரி என்ற கேள்வியின் கனம் அவருக்குத் தெரியும்.

2025ல்தான் கணக்கு நேராயிற்று. டெஸ்ஸா ஹல்ஸின் 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்' புலிட்ஸர் பரிசைச் சுயசரிதைப் பிரிவிலேயே பெற்றது. ஷாங்காயில் பத்திரிகையாளராக இருந்து, ஹாங்காங்குக்குத் தப்பி, தன் கதையை எழுதிவிட்டு மனம் பேதலித்த பாட்டி, அவரைச் சுமந்த தாய், இருவரிடமிருந்தும் ஓடிய மகள். கிட்டத்தட்டப் பத்து வருஷ வேலை. உரைநடை நூல்களோடு ஒரே தராசில் நிறுத்தப்பட்ட புத்தகம். 1992ன் அனாமத்துப் பதிவு தீர 33 வருஷம் பிடித்திருக்கிறது.

என் கட்சி இதுதான்: உண்மையைச் சொல்கிறேன் என்று வரும் சித்திர நூலுக்கு விசேஷச் சலுகை வேண்டாம், தனிக் கொட்டடியும் வேண்டாம். சாதாரணப் பத்தியில் எழுதி, சாதாரணக் கேள்விகளைக் கேட்க வேண்டும். சொன்னது நடந்ததா? சொல்கிறவன் தன்னை எங்கே நிறுத்திக்கொண்டிருக்கிறான்? இரண்டாவது கேள்விக்கு அந்த வடிவம் நம் உரைநடையைவிட நேர்மையாகப் பதில் சொல்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

புத்தகத்தின் கணக்கை இப்படி நேர்செய்துவிடலாம். விளாடெக்கின் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது? இறந்தவரிடம் வாங்கியதற்கு ரசீது கிடையாது. பரிசுத் தொகையால் அது அடைபடவும் செய்யாது. அதை அனாமத்திலேயே வைத்து, ஒவ்வொரு வருஷ முடிவிலும் பாக்கி என்று எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு முறை எனக்குத் தெரியவில்லை.

கேடயம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் படத்தைத் துடைக்கும்போது அதையும் துடைக்கிறாள்.