கட்டாயத்துக்கும் ஒரு கடமை உண்டு

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் காப்பீடு இல்லாமல் கார் ஓட்டினால் 200 முதல் 500 டாலர் வரை அபராதம். ஓராண்டு வரை சிறையும் உண்டு. இதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. சாலையில் வண்டியை இறக்குகிறவரால் இன்னொருவரின் உயிரே போகலாம். அந்த இழப்புக்கு வழி செய்துவிட்டு வண்டியை எடு என்பது அறம்தான். 1973-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. தவறு யாருடையது என்று பாராமல், அடிபட்டவருக்கு வாழ்நாள் முழுவதும் வரம்பின்றி மருத்துவச் செலவு கிடைக்க வழி செய்தது.

பரிவோடு எழுதிய அந்தச் சட்டத்தின் பாரம் டெட்ராய்ட் நகரத்து ஏழைகளின் தலையில் இறங்கியது. அமெரிக்காவிலேயே மிக அதிகமான பிரீமியம் பல்லாண்டுகள் அங்கேதான். ஒருவர் வண்டியை எப்படி ஓட்டுகிறார் என்பதோடு, எந்தப் பகுதியில் குடியிருக்கிறார் என்பதும் கட்டணத்தை ஏற்றியது. கட்ட முடியாத பலர் காப்பீடு இல்லாமலே ஓட்டினார்கள். அவர்கள் தங்கள் வண்டியில் அடிபட்டால், அந்த மருத்துவ உதவியும் கிடையாது.

முடியாதவர்கள் காரை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விட்டுவிட்டு எதில் போவது? டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் 1956-இல் பழைய டிராம் சேவை ஓடி முடிந்தது. வேலைகள் புறநகருக்குப் போயின. நகரப் பேருந்துக்கு ஒரு நிர்வாகம், புறநகர்ப் பேருந்துக்கு வேறொன்று. புறநகர் ஊர்கள் பல, வரி கட்ட மனமின்றிப் பேருந்தே வேண்டாமென விலகிக்கொண்டன. டெட்ராய்ட் வட்டாரத்தின் நான்கு கவுண்டிகளையும் (மாவட்டங்களையும்) இணைக்கும் போக்குவரத்துக்கான வரி, 2016 வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்றது.

2019-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். வரம்பற்ற மருத்துவக் காப்புக்குப் பதிலாகக் குறைந்த காப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றானது. பிரீமியம் இறங்கியது உண்மை. ஆனால், கையில் காசில்லாதவர் அந்தக் குறைந்த பிரீமியத்தைத் தம் உடம்பை அடகு வைத்தல்லவா பெறுகிறார்? இதைவிட ஆழமான மாற்றத்துக்கு 2022-இல் அந்த நான்கில் ஒன்றான ஓக்லாந்து கவுண்டி மக்கள் வாக்களித்தார்கள். கவுண்டி முழுவதற்குமான போக்குவரத்து வரியை ஏற்றார்கள். விலகியிருந்த ஊர்களும் உள்ளே வந்தன.

கார் வைத்திருப்பது உன் விருப்பம், அதற்கான பொறுப்பும் உன்னுடையது என்ற எண்ணத்தின் மீதே கட்டாயக் காப்பீடு நிற்கிறது. கார் இல்லாவிட்டால் கூலி இல்லை என்ற ஊரில் அந்த விருப்பம் எங்கே இருக்கிறது? அங்கே பிரீமியம், பிழைப்பின் மீது விழும் வரியாகிவிடுகிறது. வேறு வழி உள்ளவரிடம் கேட்டால்தான் அது பொறுப்பு. வழியே இல்லாதவரிடம் கேட்டால் அது தண்டம். ஆகவே, காப்பீட்டைக் குடிமக்களுக்குக் கட்டாயமாக்கும் அரசு, பேருந்தைத் தனக்குக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். கார் இல்லாமலும் வாழ முடிகிற ஊரில்தான் அந்தச் சட்டம் முழு நியாயம் பெறும்.