சும்மா இருத்தல்

தமிழில் ‘சும்மா’ என்கிற சொல்லுக்கு ஆணிடம் ஒரு மதிப்பு, பெண்ணிடம் வேறு மதிப்பு. தாயுமானவரும் ரமணரும் சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சத்தில் வைத்தார்கள். “உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்று பதில் வருகிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு, பாத்திரம், துணி என்று நாளெல்லாம் சுழல்பவளைப் பற்றிய பதில் அது. அவளே அக்கடா என்று உட்கார்ந்து டிவியைப் போட்டால், “வேற வேலையே இல்லையா?”

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த 97கூட வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்.

‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில் சீரியல் பார்க்கும் பெண்களைப் பற்றி எத்தனை நகைச்சுவைத் துணுக்குகள்! சீரியலால் சோறு தீய்ந்தது, குடும்பம் கெட்டது. ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து, கடைசியில் டிராவில் முடிந்தால், அதை யாரும் பொழுதை வீணடித்ததாகச் சொல்வதில்லை. அதற்குப் பெயர் விளையாட்டு ஆர்வம். சீரியல்கள் பெண்களை எப்படிக் காட்டுகின்றன என்பதில் எனக்குப் பெரிய சண்டையே இருக்கிறது. ஆனால் அது வேறு வழக்கு. பார்ப்பவளின் அரை மணி நேரத்துக்கு அவள் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

பாட்டிலும் இதே கதை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது. சொற்களே இல்லாத இசை. தியாகராஜரும் பாஹும் அதில் கைகோத்து நடப்பார்கள். அதை மிக்ஸி ஓடும்போது கேட்க முடியாது, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டும் கேட்க முடியாது. பெண்கள் வேலையோடு வேலையாகப் பாட்டுக் கேட்பதை ஓய்வு என்கிறார்கள். எனக்கு அது வேலையாகத்தான் படுகிறது. வயலின் மெல்ல இறங்குகிற இடத்துக்குக் காது மட்டுமல்ல, கைகளும் சும்மா இருக்க வேண்டும்.

நம்மில் பலர் இதற்குச் சொல்லும் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. சீரியல் மன அழுத்தத்தைக் குறைக்கிறதாம், பாட்டு மறுநாள் உழைக்கத் தெம்பு தருகிறதாம். ஓய்வையும் உழைப்புக்கு ஊற்றும் எண்ணெயாக்கிவிடுகிறோம். எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில், தேசிய நீர்வாழ் உயிரினக் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் தப்பித்தது. இரவில் தொட்டி மூடியின் இடுக்கில் வெளியேறி, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்குப் போய்விட்டது. இதைப் பெண் விடுதலைக்கு உருவகமாக்கக் கை பரபரக்கிறது. வேண்டாம், ஆக்டோபஸாகவே இருக்கட்டும். படித்தேன், சிரித்தேன், அவ்வளவுதான். ‘வொய் லாய்ட்டர்?’ (2011) நூல் மும்பைத் தெருக்களில் பெண்கள் காரணமின்றிச் சுற்றும் உரிமையைக் கேட்டது. மனசுக்கும் அந்த உரிமை வேண்டும்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. நடுத்தர வர்க்கப் பெண்ணின் சும்மா பொழுது பெரும்பாலும் அந்த 97 நிமிடத்தைக் கூட்டிக் கிடைத்ததில்லை. இன்னொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்திக் கிடைத்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா லீவு கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். காய்ச்சல், சாவு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் செல்லுபடியாகும். “நாளைக்கு வரமாட்டேன்மா, வீட்ல படுத்துக்கிட்டுப் பாட்டுக் கேக்கப் போறேன்” என்று அவரால் சொல்ல முடியுமா? முடியாததால்தான் அவருடைய பாட்டிகள் அடிக்கடி சாகிறார்கள்.