கலாகர்ஷணமும் மெய்நிகர் இயந்திரமும்

கடலூரில் ஒரு சிறு அலுவலகத்தின் கணக்குகள் குடியிருந்த மெய்நிகர் இயந்திரத்தைப் பழைய சர்வரிலிருந்து மேகக்கணித் தளத்திற்குப் பெயர்க்கும் வேலையில் ஓர் இரவு முழுதும் உடனிருந்த எனக்கு, விடியுமுன் எழுந்த ஐயம் ஆத்ம விசாரத்தைச் சார்ந்தது. உடல் என்றும் உண்மை என்றும் 'மெய்' இருபொருள் தரும் மொழியில் 'மெய்நிகர் இயந்திரம்' என்று பெயர் சூட்டியவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு தத்துவப் பிரச்சினையையே பெயராக்கிவிட்டார். இந்த இயந்திரத்திற்கு உடம்பென்று இருப்பது ஒரு வட்டுக் கோப்பு. அதை முழுதாகப் படியெடுத்து, இதற்கிடையே மாறிய பகுதிகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, எஞ்சியது கையளவானதும் பழையதை நிறுத்திப் புதியதை எழுப்புகிறார்கள். எழுந்தது, ஆனால் நெட்வொர்க் அட்டையின் முகவரி மாறிவிட்டபடியால் அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஆலயத் திருப்பணியின்போது மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணத்தால் கும்பத்தில் ஆவாகித்துப் பாலாலயத்தில் பூஜிக்கும் ஆகம மரபை நினைத்தேன். அங்கே கலையை, அதாவது அந்தச் சாந்நித்தியத்தை, ஈர்த்தபின் பழைய பிம்பத்திற்குப் பூஜையில்லை. இங்கேயோ இரண்டு படிகளையும் எழுப்பினால் இரண்டும் 'நானே அது' என்னும். தில்லையிலிருந்தோ 1648இல் படையெடுப்புக்கு அஞ்சி நடராஜ மூர்த்தியையே எடுத்துச் சென்று, குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்திருந்து, 1686இல் மீட்டு வந்தார்கள்; பெயர்ந்தது திருமேனி. ஆனால் அதே சந்நிதியில் திரைக்குப் பின்னே பொன் வில்வமாலை தொங்கும் வெற்றிடத்தை எந்தப் பேழையில் வைத்திருப்பார்கள்?

பழைய சர்வரை அணைத்தபோது, அதன் முகப்பில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. புதியதற்குப் பொட்டு எங்கே இடுவது என்று கணக்கர் கேட்டார்.